கெமரா எந்தப் பக்கம் பார்க்கிறது?



வீட்டுக்கு ஒரு கெமரா பூட்ட வேண்டும் என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு சைக்கிள் களவு போயிருக்கலாம். பெருநாளைக்கு உம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பின்கதவின் கொண்டி நெளிந்து கிடந்திருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ, "வைபை இருந்தாப் போதும், நான் வாங்கி அனுப்புறன்" என்று சொல்லியிருக்கலாம். அதன் பிறகு வீட்டில் நடப்பதெல்லாம் விலைப் பேச்சுத்தான். எத்தனை மெகாபிக்சல், இரவில் நிறம் தெரியுமா, தலை சுற்றுமா, எந்தக் கடையில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு...

நான் கல்முனைப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை. எங்கள் ஊரில் விஞ்ஞான டீச்சர் என்றால் மின்னழுத்தி பழுதானாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். கடந்த ஐந்தாறு வருடமாக மின்னழுத்தி வருவது குறைந்து, கெமரா வருவது கூடியிருக்கிறது. "டீச்சர், இது நேத்து மட்டும் நல்லா வேல செஞ்சது" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அப்படி வந்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. விலைக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அது எந்தப் பக்கம் பார்க்கிறது? அதனூடாக யார் பார்க்கிறார்கள்?

வீட்டுப் பாதுகாப்புக்கென்று கெமராவும் திரையும் கொண்ட ஓர் அமைப்பை வரைந்து, தன் பெயரில் காப்புரிமை பெற்றவர்களில் முன்னோடி ஒரு பெண் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்ற கறுப்பினத் தாதி அவர். கணவர் அல்பர்ட் இலத்திரனியல் வேலை தெரிந்தவர். இருவருக்கும் நேரகாலம் இல்லாத வேலை; மேரி வீட்டில் தனியே இருக்கும் இரவுகள் பல. பொலிஸை அழைத்தால் வந்து சேர நேரமாகும் பகுதி அது. கதவு தட்டப்படும்போது எழுந்து போய்த் திறந்து பார்க்க அவருக்குப் பயம். ஆகவே கணவரும் மனைவியுமாகச் சேர்ந்து ஒரு திட்டம் வரைந்தார்கள். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். அவற்றின் பின்னால் மேலும் கீழும் நகரும் கெமரா. படுக்கையறையில் ஒரு திரை. வந்தவருடன் கதைக்க ஒலிவாங்கி. இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். ஆபத்தென்றால் அழுத்த இன்னொரு பொத்தான். 1966இல் விண்ணப்பித்தார்கள், 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது.

அந்த அமைப்பில் கெமரா வெளியே பார்த்தது. திரை உள்ளே, அந்தப் பெண்ணின் அறையில் இருந்தது. யாரைப் பார்ப்பது, யாருக்குத் திறப்பது என்ற தீர்மானம் அவர் கையில் இருந்தது. இன்று உள்ளங்கையளவு கெமராவில் அதைவிட எவ்வளவோ வசதி வந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு விடயம் மட்டும் நம் வீடுகள் பலவற்றில் தலைகீழாக நடக்கிறது.

என் தங்கையின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்பு லீவில் வந்தபோது ஒரு கெமரா கொண்டு வந்து ஹோலின் மூலையில் உயரத்தில் பூட்டினார். பிள்ளைகள் படிப்பதையும் விளையாடுவதையும் அங்கிருந்தே பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை. அந்த மூலையிலிருந்து பார்த்தால் குசினி வாசலும் தெரியும். குளித்துவிட்டு அறைக்குப் போகும் வழியும் தெரியும். அவர் திரும்பிப் போய் இரண்டு மாதமிருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் தங்கை வீட்டுக்குப் போனேன். வெக்கை தாங்க முடியாத சித்திரை மாதம். வீட்டில் அவளும் கைக்குழந்தையும் மட்டும். அவள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, ஆரும் வரப் போறாங்களா?" என்றேன்.

அவள் மூலையைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்துத்தான் பதில் வந்தது. "அவரு மட்டும்தான் பாக்கிறாரெண்டு தெரியும் ராத்தா. ஆனா அவருட ரூமுக்குள்ள எட்டுப் பேர் இருக்காங்க. போன மேசையில வெச்சிட்டு அவரு வுழூ எடுக்கப் போனா...?"

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. வாப்பா உழைத்துக் கட்டி மகளின் பெயரில் எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை வந்து சேர்வார். அப்படி அவளுக்கென்று கட்டப்பட்ட வீட்டில், கதவுகளெல்லாம் சாத்தியிருந்த நேரத்தில், அவள் முக்காட்டோடு வேர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளும் பணியாளர்களும்கூட அனுமதி கேட்டு நுழைய வேண்டிய மூன்று நேரங்களை ஸூரத்துந் நூரின் 58ஆவது வசனம் குறித்துச் சொல்கிறது: பஜ்ருக்கு முன், மத்தியானம் ஆடையைத் தளர்த்தியிருக்கும் வேளை, இஷாவுக்குப் பின். சுவரிலிருக்கும் கெமராவுக்கோ ஸலாம் சொல்லவும் தெரியாது, கதவைத் தட்டவும் தெரியாது.

அன்றிரவே மச்சானுடன் கதைக்கச் சொல்லித் தங்கையிடம் கூறினேன். அவள் தயங்கினாள். "என்ன மறைக்கிறாய்?" என்ற கேள்வி வந்துவிடுமோ என்ற பயம். நான் எடுத்தேன். இங்கே இரவு 10 மணி, அங்கே 7.30. வேலை முடிந்து வந்திருந்தார்.

"புள்ளைகளப் பாக்கத்தானே மதினி பூட்டின" என்றார்.

"புள்ளைகளப் பாக்க வீடியோ கோல் இருக்கு தம்பி. அதுல புள்ளைகளும் உங்களப் பாக்கும்."

"கள்ளன் வந்தா?"

"கள்ளன் ஹோலுக்க வந்ததுக்குப் புறகு நீங்க கட்டார்ல இருந்து பாத்து என்ன செய்யிற? கேட்டடியில நிக்கக்குள்ளயே தெரிய வேணாமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, தங்கை சொன்னதைச் சொன்னேன். அறையில் எட்டுப் பேர் என்ற அந்த வார்த்தை அவரைத் தைத்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கெமராவைக் கழற்றி முன் விறாந்தைக்குக் கொண்டுபோனோம். அது கேட்டையும் ஒழுங்கை முகப்பையும் பார்க்கும்படி வைத்தோம்.

ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. தங்கையின் போனில் அதைப் பதியப் போனால், "இந்தக் கெமரா வேறொருவரின் கணக்கில் உள்ளது" என்று சொல்லிவிட்டது. ஊசியால் குத்தி அழுத்தும் அந்தச் சின்னப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தும் பயனில்லை. இது பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம். அநேக கம்பனிகளின் கெமராக்கள் முதன்முதலில் யாருடைய கணக்கில் பதியப்படுகின்றனவோ அவரையே சொந்தக்காரராக எடுத்துக்கொள்கின்றன. பொத்தானை அழுத்தினால் வைபை விபரம் அழியும், சொந்தக்காரர் மாற மாட்டார். அவர் தன் போனிலிருந்து அதை நீக்க வேண்டும். கட்டாரிலிருந்து நீக்கினார், தங்கை தன் கணக்கில் பதிந்தாள், பிறகு "பகிர்தல்" என்ற வசதியால் அவருக்குப் பார்க்கும் அனுமதி கொடுத்தாள். இப்போதும் கேட்டில் ஆள் வந்தால் இரண்டு போனிலும் சத்தம் வரும். யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் திறப்பு மட்டும் அவளிடம் இருக்கிறது.

கடைப் பையன் வந்து பூட்டித் தந்தால் இது இன்னும் முக்கியம். "உங்கட போன்ல இடமில்ல, என்ட போன்ல போட்டுட்டு உங்களுக்கு அனுப்புறன்" என்று அவன் சொன்னால், அவன் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2021இல் தீர்ப்பான வழக்கொன்று இருக்கிறது. ஏ.டி.டி. என்ற பெரிய பாதுகாப்புக் கம்பனியின் தொழில்நுட்பவியலாளர் ஒருவர், கெமரா பூட்டப் போன வீடுகளில் வாடிக்கையாளரின் கணக்கோடு தன் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்துவிட்டு வந்தார். சில இடங்களில் சோதித்துப் பார்க்கத் தற்காலிகமாகத் தேவை என்று கேட்டே சேர்த்தார். நாலரை வருட காலத்தில் ஏறத்தாழ 200 வீட்டுக் கணக்குகளுக்குள் 9,600 தடவைக்கு மேல் நுழைந்து, பெண்களை அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறார். 52 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. கணக்கில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அந்த வீடுகளில் ஒருவராவது திறந்து பார்த்திருந்தால் அந்த மேலதிக முகவரி கண்ணில் பட்டிருக்கும். உங்கள் கெமராவின் செயலியிலும் அப்படியொரு பட்டியல் இருக்கும். இன்றைக்கே பாருங்கள்.

கடவுச்சொல்லைப் பற்றி எல்லோரும் சொல்லிச் சலித்துவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் உலகெங்கும் இலட்சக்கணக்கான கெமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் போட்டுவிட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை, அவ்வளவுதான். பேஸ்புக்குக்கு வைத்திருக்கும் சொல்லையே இதற்கும் வைக்காதீர்கள். போனுக்கு இரகசிய எண் அனுப்பிச் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும், படம் கம்பனியின் கணினிக்குப் போகிறதென்றால் அங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தாம். அமெரிக்காவில் ரிங் என்ற கெமராக் கம்பனியின் ஊழியர்கள் வாடிக்கையாளரின் தனிப்பட்ட காட்சிகளைப் பார்க்க முடிந்தது என்று அரசின் வர்த்தக ஆணைக்குழு 2023இல் குற்றஞ்சாட்டி, 58 இலட்சம் டொலர் கட்ட வைத்தது. ஆகவே என் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: அறைக்கும் ஹோலுக்கும் கெமரா கிடையாது. படுக்கையில் இருக்கும் மூத்தம்மாவைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒன்று வேண்டும் என்ற நிலை சில வீடுகளில் உண்டு. அப்படியானால் சுவிட்ச் உள்ள பிளக் பொயின்டில் செருகி, ஆள் இல்லாத நேரம் மட்டும் போடுங்கள். மூத்தம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு மானம் இல்லையென்று யார் சொன்னது?

வெளியே திருப்பினாலும் கேள்வி தீராது. எங்கள் ஊர் வீடுகள் மதிலோடு மதில் ஒட்டியவை. மாடியிலோ கூரை விளிம்பிலோ கெமரா பூட்டினால் பக்கத்து வீட்டுக் கிணற்றடியும் உடுப்புக் காயும் கொடியும் அப்படியே தெரியும். மதில் கட்டியதே அதை மறைக்கத்தானே! பத்தடி உயரத்துக்குள் வைத்து, சற்றுக் கீழே சாய்த்தால் கேட்டும் நடைபாதையும் போதுமான அளவு தெரியும். ஆளின் முகமும் நன்றாக விழும். உயரே வைத்தால் தொப்பியும் உச்சந்தலையும்தான் தெரியும். அப்படியும் பக்கத்து வளவு கொஞ்சம் விழுகிறதென்றால், அநேகமான செயலிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பால் மறைத்துவிடும் வசதி இருக்கிறது. மறைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ராத்தாவைக் கூப்பிட்டுப் போனில் காட்டிவிடுங்கள். பேசாமல் விட்டால் அந்த வீட்டுப் பெண்கள் இனிக் கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் உங்கள் சுவரைப் பார்ப்பார்கள்.

இனி வாங்குவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "வயர்லெஸ்" என்றால் வயரே இல்லை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். படம் போவதற்குத்தான் வயர் இல்லை. மின்சாரத்துக்கு வயர் வேண்டும். பற்றரியில் ஓடுவதும் சூரிய ஒளித் தகட்டோடு வருவதும் உண்டு. ஆனால் பற்றரியை மிச்சப்படுத்துவதற்காக அவற்றில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டே இருந்து, அசைவு பட்டால்தான் விழித்துப் பதியும். விழிப்பதற்குள் ஆள் கடந்துவிடுவதும் உண்டு. பிளக் பொயின்ட் எட்டும் இடமென்றால் வயர் உள்ளதையே வாங்குங்கள். படத்தெளிவு 1080 என்று போட்டிருந்தால் கேட்டுக்குப் போதும். நாலு மடங்கு தெளிவு வாங்கி, பலவீனமான வைபையில் போட்டால் படம் நின்று நின்றுதான் வரும். வெளியில் பூட்டுவதானால் பெட்டியில் ஐ.பி. 65 அல்லது 66 என்று இருக்கிறதா பாருங்கள். தூசிக்கும் மழைக்கும் தாங்கும் என்பதன் குறி அது. கடற்கரை ஊர்க்காரருக்கு ஒன்று: கெமராவோடு வரும் ஆணிகள் அநேகமாக உப்புக்காற்றுக்குத் தாங்காது. துருப்பிடிக்காத உருக்கு ஆணி தனியாக வாங்குங்கள்.

இப்போது என்னிடம் வரும் முறைப்பாடுகளுக்கு வருவோம். பத்தில் ஏழெட்டுக்குக் கெமராவில் பிழை இருப்பதில்லை.

முதலாவது, "கெமரா வைபையில் சேருதில்ல." இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை விடுகின்றன. நம் கைக்கு எட்டும் விலையிலுள்ள கெமராக்கள் பல 2.4ஐ மட்டுமே பிடிக்கும். போன் 5இல் இருக்கும். கெமரா அதைத் தேடித் தேடிக் களைத்துவிடும். ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் நமக்கு எது எதுவென்றே தெரியாது. ரவுட்டரின் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் வேறு பெயர் வையுங்கள், அல்லது கெமராவைச் சேர்க்கும் வரையில் 5ஐ நிறுத்திவிடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் இருந்தால் சில கெமராக்கள் சேர மறுக்கும். 2க்கு மாற்றினால் சேரும். இதையெல்லாம் மேசையில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துச் செய்து முடித்துவிட்டுத்தான் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும்.

சுவருக்குக் கொண்டுபோனதும் இரண்டாவது முறைப்பாடு. "மேசையில நல்லா இருந்தது, மேல பூட்டினா அறுந்து அறுந்து போகுது." நான் வகுப்பில் இதற்கொரு உதாரணம் சொல்வேன். அறைக்குள் ஒருவர் கதைத்தால் பலகைத் தட்டிக்கு அப்பால் கேட்கும், கல்லுச் சுவருக்கு அப்பால் மங்கலாகக் கேட்கும். வைபை அலைக்கும் அப்படித்தான். பலகையும் கண்ணாடியும் அதிகம் தடுப்பதில்லை. செங்கல் தடுக்கும். கம்பி போட்ட கொங்கிரீட் இன்னும் தடுக்கும். தகரமும் இரும்பும் திருப்பியே அனுப்பிவிடும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், இடையில் நிறைந்த தண்ணீர்த் தாங்கி இருந்தால் அதுவும் ஒரு சுவர்தான். நம் வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கிறது? இரும்பு அலுமாரிக்கு மேலே, அல்லது டீவிக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு எட்டாத மூலையில். அதை எடுத்து, முன்பக்க அறையின் சன்னலருகே நெஞ்சு உயரத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனையோ வீடுகளில் இது ஒன்றே போதுமாக இருந்தது. துளையிடுவதற்கு முன்பு, கெமரா பூட்டப்போகும் இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். போனில் தடங்கல் வந்தால் கெமராவிலும் வரும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால்தான் இடையில் வைக்கும் அலைபெருக்கி வாங்க வேண்டும்.

மூன்றாவது விசித்திரமானது. "பகலெல்லாம் நல்லா இருக்கு டீச்சர், ராவானா அணைஞ்சு அணைஞ்சு வருகுது." ஒரு வீட்டில் இதைப் பேயின் வேலை என்று தண்ணீர் ஓதித் தெளித்திருந்தார்கள். காரணம் வயர்! கெமராவோடு வரும் மெல்லிய 5 வோல்ட் வயர் எட்டாததால், முப்பதடிக்கு மலிவான நீட்டு வயர் போட்டிருந்தார்கள். தூரம் கூடக் கூட மெல்லிய வயரில் அழுத்தம் குறையும். பகலில் கெமராவுக்குக் கொஞ்ச மின்னோட்டம் போதும், சமாளித்துக்கொள்ளும். இருட்டியதும் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், தேவை கூடும், அழுத்தம் இன்னும் விழும், கெமரா அணைந்து திரும்ப எழும்பும். 5 வோல்ட் வயரை நீட்டாதீர்கள். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு 230 வோல்ட் பொயின்டைக் கெமராவுக்குக் கிட்ட, மழை படாத இடத்துக்குக் கொண்டு வாருங்கள். பழைய போன் சார்ஜரைச் செருகுவதும் இதே தொல்லையைத் தரும். வெளியே வரும் வயரைச் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், மழைநீர் வயர் வழியே உள்ளே வராமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

இரவில் படம் முழுதும் வெள்ளையாகப் பூத்துப் போகிறதா? சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். அகச்சிவப்பு ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்து கெமராவின் கண்ணையே கூசச் செய்கிறது. கண்ணாடிக்கு வெளியே எடுங்கள். வெண்ணிறக் கயிறு ஒன்று காற்றில் ஆடுகிறதா? அது சிலந்தி வலை. அந்த ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மாதம் ஒருமுறை ஒட்டறைத் தடியில் மெல்லிய துணி சுற்றித் துடைத்தால் போதும். டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடு கோடாக ஓடினால், கெமராவின் அமைப்பில் 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதற்கு மாற்றிவிடுங்கள்.

"ஆள் வந்திருக்கு" என்று இரவில் முப்பது தடவை போன் கத்தினால், முப்பத்தோராவது தடவை உண்மையாகவே ஆள் வரும்போது நீங்கள் எழும்ப மாட்டீர்கள். ஆகவே இதைச் சிறிய தொல்லை என்று விடக்கூடாது. படத்தில் எது அசைந்தாலும் கத்தும் கெமராவுக்கு முருங்கைக் கிளையும் தென்னோலையும் பூனையும் ஒன்றுதான். அசைவைக் கவனிக்கும் பகுதியைக் கேட்டளவுக்குச் சுருக்குங்கள், மனித உருவத்துக்கு மட்டும் என்ற தெரிவு இருந்தால் போடுங்கள், கிளையை வெட்டுங்கள். பற்றரிக் கெமராக்கள் பெரும்பாலும் உடற்சூட்டை உணர்ந்து விழிப்பவை. அவை நேரே நடந்து வரும் ஆளைவிடக் குறுக்கே கடக்கும் ஆளைச் சீக்கிரம் உணரும். பங்குனி சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடற்சூட்டுக்குச் சூடாகிவிட்டால் அவற்றுக்கு ஆளைப் பிரித்தறிவதே கடினம்.

மின்சாரம் போனால்? 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் ஒரே நேரத்தில் இருண்டதும் நினைவிருக்கிறது. அந்த நேரம் பற்றரிக் கெமரா விழித்திருந்தாலும் ரவுட்டர் செத்துப் போயிருக்கும். உங்கள் போனுக்கு ஒன்றும் வராது. ரவுட்டருக்கென்றே சிறிய பற்றரிப் பெட்டி விற்கிறார்கள், சில மணித்தியாலம் தாங்கும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து, அதற்குப் பொருத்தமானதை வாங்குங்கள். ஆனால் இருட்டில் உண்மையில் காப்பாற்றுவது நல்ல தாழ்ப்பாளும் சத்தம் போட்டால் கேட்கும் அயலவரும்தான். கெமரா கள்ளனைத் தடுக்காது, பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இனிப் பதிவு. கம்பனியின் கணினியில் சேமிக்க மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் அனுப்பினால் இணையப் பொதியும் கரையும். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 10.8 கிகாபைட் ஆகிறது. உள்ளே போடும் மெமரி கார்ட்டே நமக்கு ஏற்றது. இதே கணக்கில் 128 கிகாபைட் கார்ட்டில் பத்துப் பதினொரு நாள் பிடிக்கும். நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டு புதியதை எழுதும். இரவு பகலாக எழுதி அழிப்பதால் சாதாரண கார்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். கண்காணிப்புக் கெமராவுக்கென்று விற்கப்படும் தாங்குதிறன் கூடிய கார்ட்டைத் தெரிந்த கடையில் வாங்குங்கள். மலிவு விலைக் கார்ட்டுகளில் வெளியே 128 என்று எழுதி உள்ளே அதில் பாதிகூட இல்லாதவை நடமாடுகின்றன. மாதம் ஒருநாள், நேற்றைய பதிவு ஒன்றைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். களவு போன அன்றுதான் கார்ட் மூன்று மாதமாக எழுதவேயில்லை என்று கண்டுபிடித்த குடும்பம் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது. படத்தின் மூலையில் ஓடும் திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். ஏதும் நடந்துவிட்டால் உடனே அந்தத் துண்டைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள்; ஒத்திப் போட்டால் கார்ட் தானே அழித்துவிடும்.

இன்னும் ஒன்று. புதியது வாங்கியதும் பழைய கெமராவைச் சாச்சி மகனுக்கோ மாமி வீட்டுக்கோ கொடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. கொடுப்பதற்கு முன் கார்ட்டைக் கழற்றி எடுங்கள்; உங்கள் வாசலுக்கு வந்து போன எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். பிறகு உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். நீக்காமல் கொடுத்தால் மாமியின் போனில் அது பதியாது, உங்களைத் திட்டிக்கொண்டு என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள்.